எல்லோரிடமும் பேசுகிற குழந்தைக்கு ஆட்டிசமா?

(நம் குடியிருப்பு மூத்தோர் வட்டத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். செயலாளர் கேட்டுக்கொண்டதால் செய்திமடலுக்கு எழுதித் தருகிறேன். பேசும்போது விட்டுப்போன இரண்டொரு விஷயங்களைச் சேர்த்திருக்கிறேன்.)



சென்ற முறை இதே ஹாலில் நான் நாமினேஷன், லாக்கர் ஒப்பந்தம் பற்றிப் பேசினேன். பி.காம். படித்துவிட்டு 37 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் என்பதால் அதைப் பேச எனக்குத் தகுதி இருந்தது. இன்று பேசப் போகும் விஷயத்தில் அப்படி ஒரு தகுதியும் எனக்குக் கிடையாது. நான் டாக்டர் இல்லை, ஆசிரியரும் இல்லை. கண்ணுக்கு எதிரே இருந்ததைப் பார்க்காமல் இரண்டு வருடத்தை வீணாக்கிய ஒரு தாத்தா. அவ்வளவுதான்.

என் பேத்தியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வயது. உங்களுக்கு அவளைத் தெரியும் என்பதைவிட அவளுக்கு உங்களைத் தெரியும் என்பதே சரி. இங்கே இருக்கும் 96 வீடுகளிலும் யார் யார் இருக்கிறார்கள், எந்த வீட்டுக்கு எந்த கார், அதன் நம்பர் என்ன என்று ஒப்பிப்பாள். வாட்ச்மேன், இஸ்திரி போடுபவர், தண்ணீர் கேன் கொண்டுவரும் தம்பி, ஒருவரையும் விடாமல் வணக்கம் சொல்லுவாள். "என்ன சார், உங்க பேத்தி கவுன்சிலர் தேர்தலுக்கு நின்னா நாங்க எல்லாரும் ஓட்டுப் போடுவோம்" என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னதுண்டு. எனக்கும் அதில் பெருமைதான்.

அவளுக்கு ஆட்டிசம் இருக்கிறது. கூடவே ஏடிஹெச்டி என்று சொல்லப்படும் கவனக்குறைவும் பரபரப்பும் கலந்த நிலையும் இருக்கிறது. இதைச் சொல்ல என் மகளிடமும் மாப்பிள்ளையிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். பேத்தியிடமும் கேட்டேன். யோசித்துவிட்டு, ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லக்கூடாது, மற்றதெல்லாம் சொல்லலாம் என்றாள். அந்தச் சம்பவத்தைச் சொல்லப் போவதில்லை.

இப்போது உங்களில் பலருக்குத் தோன்றுவது எனக்கும் தோன்றியதுதான். "இவ்வளவு பேசுற பொண்ணுக்கா?" அந்த ஒரு கேள்விதான் எங்களைத் தடுத்தது.

மகள் முதலில் பேச்செடுத்தபோது குழந்தைக்கு ஐந்து வயது. "அப்பா, இவ விளையாடற விதம் எனக்கு என்னவோ போல இருக்கு. ஒரு தடவை யார்கிட்டயாவது காட்டலாமா?" என்றாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நீளமாகப் பேசினேன். கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள், சிரிக்கிறாள், ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள், ஆட்டிசம் என்றால் மூலையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கும், நீ போனில் கண்டதையும் படித்துப் பயப்படாதே, இவள் கோவிட் நேரத்தில் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை, போகப் போகச் சரியாகும். இதெல்லாம் நான் சொன்னது. கடைசியில், "நீ கொஞ்சம் செல்லத்தைக் குறைச்சாலே போதும்" என்றும் சொன்னேன். மகள் அதற்குப் பிறகு என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்துக்காக நான் இன்றும் வருந்துகிறேன்.

வங்கியில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு, நாள் முடிவில் கணக்கு டேலி ஆகாவிட்டால் ராத்திரி எட்டு மணியானாலும் உட்கார்ந்து தேடுவோம். அப்படியும் கிடைக்காத வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டுப் போவோம். அது தற்காலிக ஏற்பாடு, பிறகு தேடிச் சரிசெய்ய வேண்டும் என்பதுதான் விதி. சில கிளைகளில் அந்தத் தொகை வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பேத்தி விஷயத்தில் எனக்குப் புரியாத ஒவ்வொன்றையும் நான் அப்படித்தான் எங்கேயோ போட்டுவிட்டு நகர்ந்தேன். அவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்.

நம்மூரில் யாரும் "போகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப மாட்டோம். "வரேன்" என்போம். ஒரு நாள் என் பழைய சக ஊழியர் வந்து காப்பி குடித்துவிட்டு "வரேன்மா" என்று இவளிடம் சொல்லிவிட்டுப் போனார். இவள் ஜன்னல் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். அரைமணி கழித்து, "அந்தத் தாத்தா எப்ப வருவாங்க?" என்றாள். அப்போது ஏழு வயது. அதுவரை இப்படி எத்தனை பேருக்காகக் காத்திருந்தாளோ. அதேபோல, வேலையாக இருக்கும் வீட்டில் "அப்புறம் வாம்மா" என்று சொன்னால், கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பாள். அப்புறம் என்றால் எவ்வளவு நேரம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லையே. பிடிவாதம் என்று சிலர் நினைத்தார்கள். நானும்தான்.

அடுத்தது கொலு. நவராத்திரியில் அவள் ஒரு வீடு விடமாட்டாள். போன உடனே "எத்தனை படி?" என்பாள். பிறகு ஒவ்வொரு படியாக எண்ணுவாள். பி பிளாக்கில் ஒரு மாமி வீட்டில், "போன வருஷம் செட்டியார் பொம்மை நாலாம் படில இருந்தது, இப்ப அஞ்சாம் படில இருக்கு, மாத்துங்க" என்றாள். மாமி சிரித்துக்கொண்டே, "என்ன ஞாபக சக்தி!" என்று கன்னத்தைத் தடவினார். மாற்றவில்லை. இவள் சுண்டலைக் கீழே வைத்துவிட்டு அப்படி அழுதாள். நான் வெட்கப்பட்டு இழுத்துக்கொண்டு வந்தேன். ஞாபக சக்தியை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட நான், அழுகையை மட்டும் தனியாக ஒதுக்கிவைத்துவிட்டேன். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பது பிறகுதான் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் கேட்டால், "நல்ல பொண்ணு சார், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்பார்கள். அதே பெண் மூன்றரை மணிக்கு வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்ததும் ஷூவை விட்டெறிவாள், யூனிஃபார்ம் காலரில் இருக்கும் லேபிளைப் பிய்ப்பாள், டைனிங் டேபிளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். குக்கர் விசில் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். பள்ளியில் ஒழுங்காக இருக்கும் குழந்தை வீட்டில் இப்படி என்றால் வளர்ப்பில்தான் கோளாறு என்று பள்ளியிலும் சொன்னார்கள், நானும் நம்பினேன். உண்மையில் ஏழு மணி நேரம் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து அவர்களைப்போலவே இருக்க முயன்றுவிட்டு, தெம்பு தீர்ந்து வருகிறாள். ஒரு நாள் அவளே சொன்னாள்: "எல்லாரும் சிரிச்சா நானும் சிரிச்சுடுவேன் தாத்தா. என்ன ஜோக்குன்னு தெரியாது." பல பெண் குழந்தைகள் இப்படி மறைத்துச் சமாளித்துவிடுவதால்தான் அவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது என்று டாக்டர் சொன்னார்.

என்னை மாற்றியது ஒரு பிறந்தநாள். யார் வீடு என்று சொல்ல மாட்டேன், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதே ஹாலில்தான் நடந்தது. அவள் வயதுப் பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள், இவளைக் கூப்பிடவில்லை. பால்கனியிலிருந்து பலூன் கட்டுவதைப் பார்த்தாள். உள்ளே போய்த் தன் பென்சில் பாக்ஸைக் காலி செய்து, காலண்டர் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். அந்த வீட்டு அம்மா நல்லவர், கேக் கொடுத்து உட்காரவைத்தார். மற்றப் பெண்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். இவள் அதைக் கவனிக்கவே இல்லை, நான் கவனித்தேன். வரும்போது லிஃப்டில் சந்தோஷமாகச் சொன்னாள்: "அவங்க என்னைக் கூப்பிட மறந்துட்டாங்க தாத்தா. நான் ஞாபகப்படுத்தினேன்."

எல்லோரையும் தெரியும், ஆனால் சிநேகிதி ஒருத்தி கிடையாது. நான்கு வயதுப் பிள்ளைகளோடு விளையாடுவாள், அறுபது வயதுக்காரர்களோடு பேசுவாள், தன் வயதுப் பெண்களோடு பத்து நிமிடம் தாண்டாது. இத்தனை நாளும் என் கண்ணெதிரே இருந்ததுதான். அன்று இரவு மகளிடம் போய், "காட்டலாம்மா" என்றேன்.

போய்க் காட்டிய உடனேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதலில் பார்த்த ஒரு டாக்டர், பத்து நிமிடத்தில், "கண்ணைப் பார்த்து நல்லா பேசறாளே, ஆட்டிசம் கிடையாது" என்று அனுப்பிவிட்டார். நான் சொன்ன அதே வாக்கியம்! இன்னொருவர் ஏடிஹெச்டி என்றார். அது தப்பில்லை, அதுவும் இருந்தது. அதற்கான பயிற்சிகள் தொடங்கியதும் ஹோம்வொர்க் முடிக்கிறாள், ரோட்டைக் கடக்கும்போது நிற்கிறாள். ஆனால் கொலுப்படி, லேபிள், ஜன்னல் ஓரக் காத்திருப்பு, இவை அப்படியே இருந்தன. கணக்கில் பாதி வித்தியாசம் கிடைத்ததும் சந்தோஷத்தில் லெட்ஜரை மூடிவிடுகிற மாதிரி நாங்கள் இன்னும் ஒரு வருடம் விட்டுவிட்டோம். முதலில் ஏடிஹெச்டி என்று பெயர் வைக்கப்படும் குழந்தைகளுக்கு ஆட்டிசம் தெரியவருவது தள்ளிப்போகிறது என்பது பல ஆய்வுகளில் பார்த்த விஷயமாம்.

இதில் டாக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உலகம் முழுக்க மருத்துவர்கள் பின்பற்றும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலேயே, 2013இல் ஐந்தாம் பதிப்பு வரும்வரை, ஆட்டிசம் இருந்தால் ஏடிஹெச்டி என்று கூடுதலாக எழுதக்கூடாது என்றுதான் இருந்தது. ஒன்று இருந்தால் மற்றது இல்லை. 2013க்குப் பிறகுதான் இரண்டையும் சேர்த்து எழுத முடிந்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் ஏடிஹெச்டியும் இருக்கிறது என்கிறார்கள். பழைய பாடம் படித்தவர்கள் மனதில் பழைய விதி இருக்கத்தான் செய்யும். எங்கள் கிளையிலும் ரத்தான சர்க்குலரை வைத்து வேலை செய்தவர்கள் உண்டு.

இரண்டும் ஒரே குழந்தையிடம் இருந்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடுகிறது. ஏடிஹெச்டி புதுசு கேட்கும், ஆட்டிசம் மாறாமல் இருக்கச் சொல்லும். இவள் "வெளியே போகலாம், வெளியே போகலாம்" என்று நச்சரிப்பாள். கிளம்பி வழக்கமான சிக்னலில் திரும்பாமல் வேறு ரோட்டில் போனால் ஆட்டோவில் அழுவாள். பரபரப்பால் எல்லோரிடமும் ஓடுகிறாள், அதைப் பார்த்துப் பழகத் தெரிந்த பெண் என்று நாம் முடிவு கட்டுகிறோம். போன பிறகு என்ன பேசுவது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் சிக்கல். ஏடிஹெச்டி மட்டும் உள்ள பிள்ளை, நாம் பேசும்போது குறுக்கே விழும், பொறுக்க முடியாமல். நமக்குச் சலிப்பாக இருப்பது அதற்குப் புரியும். இவளுக்கு நம் முகத்தில் அந்தச் சலிப்பு தெரிவதே இல்லை. நீங்கள் வாட்சைப் பார்த்தால், மணி என்ன என்று சொல்லுவாள். இது நான் டாக்டரிடம் கேட்டுப் புரிந்துகொண்ட அளவு. ஒவ்வொரு குழந்தைக்கும் இப்படிப் பிரித்துச் சொல்வது அவர்கள் வேலை, நம் வேலை இல்லை.

இந்த இரண்டோடு முடிவதும் இல்லை. கையெழுத்து கோணலாகி, ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் தடுமாறுவது ஒருங்கிணைப்புக் குறைபாடாக இருக்கலாம். திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வருவது பதற்றமாக இருக்கலாம். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமம், தூக்கமின்மை, வலிப்பு என்று பலவும் சேர்ந்து வரலாம். இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளைப் பரிசோதித்து 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஏறக்குறைய எட்டில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாகச் சொன்னது. காது, பார்வைக் குறைபாடுகளும் அந்தக் கணக்கில் உண்டு. அப்படிப்பட்ட குழந்தைகளில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் இருந்தது. நம் நான்கு பிளாக்குகளில் எத்தனை குழந்தைகள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் வீடு மட்டும் இருக்க வாய்ப்பில்லை.

பேசுகிற குழந்தைக்கும் ஆட்டிசம் இருக்கலாம் என்பது நேற்றுக் கண்டுபிடித்ததும் அல்ல. அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 1943இல் முதலில் எழுதியபோது, தனக்குள் ஒடுங்கிய குழந்தைகளைப் பற்றித்தான் எழுதினார். அந்தப் படம்தான் நம் மனதில் இன்னும் இருக்கிறது. 1979இல் லண்டனில் லோர்னா விங் என்ற மனநல மருத்துவர், ஜூடித் கூல்ட் என்பவரோடு சேர்ந்து, கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்து எழுதினார். அவருடைய மகளுக்கே ஆட்டிசம் இருந்தது. ஒதுங்கி இருப்பவர்கள் ஒரு வகை. தானாக வராமல், மற்றவர் கூப்பிட்டால் வருகிறவர்கள் ஒரு வகை. மூன்றாவது வகை, தானாகவே போய்ப் பேசுகிறவர்கள், ஆனால் பேசும் விதம் ஒருபக்கமாக, வழக்கத்துக்கு மாறாக இருக்கும். இதை மகள் படித்துக் காட்டியபோது, இஸ்திரி வண்டி பக்கத்தில் நின்று கார் நம்பர் ஒப்பித்துக்கொண்டிருக்கும் என் பேத்தியை யாரோ பார்த்து எழுதியது போல் இருந்தது. நான் கல்லூரி முடித்த காலத்தில் எழுதியது அது.

பெயர்களும் நம்மைக் குழப்புகின்றன. தமிழில் மதியிறுக்கம் என்கிறார்கள். அரசுப் படிவங்களில் "புற உலகச் சிந்தனையற்ற" என்று பார்த்தேன். புற உலகச் சிந்தனை இல்லாதவளா இவள்? அசோசியேஷனில் யார் மெயின்டனன்ஸ் கட்டவில்லை என்பதுவரை தெரியும். (பயப்படாதீர்கள், வெளியே சொல்ல மாட்டாள். நான் சொல்லக்கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறேன்.)

கடைசியில் சரியாகப் பார்த்தவர் குழந்தை வளர்ச்சிக்கான சிறப்பு மருத்துவர் ஒருவர். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எடுத்து ஆட்டிசம் என்று சொல்ல முடியாது. முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கச் சொன்னார். பிறகு மூன்று முறை வரச்சொல்லி விளையாட வைத்தார், பேசினார். மகளின் போனில் இருந்த இரண்டு மூன்று வயது வீடியோக்களைப் பார்த்தார். வகுப்பாசிரியைக்கு ஒரு படிவம் கொடுத்தனுப்பினார். ஒரு நாள் பேத்தியிடம், "உன் பெஸ்ட் ஃப்ரெண்ட் யாரு?" என்று கேட்டார். இவள் 14 பெயர் சொன்னாள். அதில் இஸ்திரிக்காரர் ஒருவர், இந்த ஹாலில் இருக்கும் மூன்று பேர். "அவங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்றார். ஒவ்வொருவருக்கும் பிளாட் நம்பரும் கார் நம்பரும் சொன்னாள். "அவங்களுக்குப் பிடிச்சது என்னம்மா?" என்று மறுபடி கேட்டதும், முதல் தடவையாக அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்தேன்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி திரும்பி என்னையே பார்த்தாள். முப்பத்தேழு வருடம் ஒரே பஸ், ஒரே ஜன்னல் சீட், ஒரே தயிர்சாதம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர் விளக்கியதில் ஒன்று எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்தக் கையேட்டிலேயே, அறிகுறிகள் சின்ன வயதிலிருந்தே இருக்கும், ஆனால் சமாளிக்க முடிகிற வரைக்கும் வெளியே தெரியாமல் போகலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் போகலாம் என்று இருக்கிறதாம். எல்.கே.ஜி.யில் யாரும் நுணுக்கமாகப் பேசுவதில்லை. மூன்றாம் வகுப்பில் பெண்களுக்குள் ரகசியம், கேலி, கோஷ்டி எல்லாம் வந்துவிடுகிறது. அங்கேதான் தடுக்குகிறது. ஆகவே "இத்தனை நாள் நல்லாத்தானே இருந்தா" என்ற வாதம் செல்லாது.

இது தெரிந்து என்ன ஆனது என்று கேட்பீர்கள். குழந்தை அதே குழந்தைதான். லேபிளை வெட்டிவிட்டோம். குக்கர் வைக்கும் முன் சொல்லிவிட்டு வைக்கிறோம், காதுக்கு ஒரு ஹெட்போன் வாங்கியிருக்கிறோம். அன்றன்றைக்கு என்ன நடக்கும் என்று ஒரு சார்ட்டில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுகிறாள் மகள், அந்த வேலையில் நான் உதவியாளர். பள்ளியிலிருந்து வந்ததும் அரைமணி நேரம் யாரும் அவளிடம் ஒன்றும் கேட்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள் தெரபி. பேச்சுப் பயிற்சியாளர் எதற்கு, இவளுக்குத்தான் பேச்சு நிற்காதே என்று முதலில் நினைத்தேன். எதிராளியிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பதும் பேச்சுதானாம். டேபிளுக்கு அடியில் படுப்பது முன்பு தினமும், இப்போது மாதத்தில் இரண்டு மூன்று நாள். மகள் என்னோடு பழையபடி பேசுகிறாள், பெரும்பாலும்.

செலவு பற்றி இரண்டு வார்த்தை, இது என் துறை. தனியாரில் தெரபிக்கு மாதாமாதம் கணிசமாக ஆகும். அரசு வழியும் இருக்கிறது. முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பல மாவட்டங்களில் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு. சான்றிதழில் 40 சதவீதம் வந்தால் பல சலுகைகளுக்கு வழி இருக்கிறது. வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்களுக்கு 75,000 ரூபாய் கழிவு உண்டு, புது முறையில் கிடையாது. பள்ளித் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். சான்றிதழ் வாங்குவதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. லட்சக்கணக்கில் கேட்டு, குணப்படுத்திக் காட்டுகிறேன் என்று வருகிறவர்களிடம் மட்டும் ஜாக்கிரதை. போலி டெபாசிட் கம்பெனி மாதிரிதான், வாக்குறுதி பெரிதாக இருந்தால் அதிலேயே சந்தேகப்பட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, நாளைக்கு பார்க்கில் விளையாடும் பிள்ளைகளைப் பார்த்து "அவனுக்கு அதுவா இருக்குமோ" என்று ஆரம்பிக்க வேண்டாம். வாயாடிக் குழந்தைகள் எல்லோருக்கும் ஆட்டிசம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை நமக்குக் கிடையாது. நான் கேட்பது வேறு. உங்கள் மகளோ மருமகளோ, "எனக்கு என்னவோ தோணுது, காட்டலாமா?" என்று கேட்டால், என்னைப் போல் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பிரசங்கம் செய்யாதீர்கள். கூடப் போங்கள். ஆட்டோ பிடித்துக் கொடுங்கள். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னால் நல்லது, ஒரு நாள் போனதுதான் நஷ்டம்.

பேத்திக்காக அசோசியேஷனிடமும் உங்களிடமும் கேட்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ஃபயர் அலாரம் சோதனை, ஜெனரேட்டர் சர்வீஸ் எல்லாவற்றுக்கும் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் நேரம் போட்டுவிடுங்கள். இந்த ஒன்றே எங்களுக்குப் பெரிய உதவி. அவள் கதவைத் தட்டும்போது உங்களுக்கு வேலை இருந்தால் "அப்புறம் வா" என்னாமல், "இப்ப வேலை இருக்கு, நாளைக்கு அஞ்சு மணிக்கு வா" என்று சொல்லுங்கள். ஐந்துக்கு வருவாள், ஒரு நிமிடம் முன்னே பின்னே இருக்காது. வர வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லலாம், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளுக்குக் குறிப்பால் சொன்னால்தான் புரியாது. பேசியது போதும் என்றால் "போதும்மா, இதோட நிறுத்திக்கலாம்" என்று நேராகச் சொல்லுங்கள். "கண்ணைப் பார்த்துப் பேசு" என்று கட்டாயப்படுத்த வேண்டாம்.

இன்னொன்று எனக்குத் தூக்கம் வராமல் செய்வது. அவளுக்குத் தெரிந்தவர், தெரியாதவர் வித்தியாசம் குறைவு. போன வருடம் கூரியர் கொண்டுவந்த ஒருவருக்கு வழி காட்டுகிறேன் என்று கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். அவர் நல்ல மனிதர், வாட்ச்மேனும் பார்த்துக் கூப்பிட்டு வந்துவிட்டார். எல்லோரும் அப்படியே இருப்பார்களா? நாங்கள் சொல்லிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். கேட்டுக்கு வெளியே அவளை எங்கள் நான்கு பேரில் ஒருவர் இல்லாமல் பார்த்தால், தயவுசெய்து நிறுத்தி எங்களுக்குப் போன் செய்யுங்கள். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

பி பிளாக் மாமி போன நவராத்திரிக்கு முன்பு என் மகளுக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். அந்த வருடக் கொலு எப்படி அடுக்கியிருக்கிறார் என்ற படம், எந்தப் பொம்மை எந்தப் படிக்கு மாறியிருக்கிறது என்று எழுதியும் வைத்திருந்தார். இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. பேத்தி அந்தப் படத்தை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். சுண்டல் சாப்பிட்டாள், படியை எண்ணினாள், பாட்டுக்கூடப் பாடினாள். செட்டியார் இன்னும் ஐந்தாம் படியில்தான் இருக்கிறார். மாமி இன்று வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில். நன்றி மாமி.

ஏழு மணிக்கு யோகா வகுப்புக்கு ஹாலைக் கொடுக்க வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் கேட்கத் தயங்குகிறவர்கள் சாயங்காலம் பார்க் பெஞ்சில் என்னைப் பார்க்கலாம், ஐந்தரையிலிருந்து ஆறரை வரை இருப்பேன். பேத்தியும் பக்கத்தில் இருப்பாள். புதுக் கார் வாங்கியவர்கள் நம்பரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.